வலி நின்றால் கிளம்புங்கள்: குளிரில் படமெடுக்கும்போது கைகளைக் காப்பது எப்படி?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

காட்டுயிர் படமெடுக்கிறதைப் பத்தி இந்தத் தொடர்ல லென்ஸ், வெளிச்சம், மறைவிடம்னு என்னென்னவோ பேசியிருக்கோம். இன்னைக்கு அதெல்லாம் இல்லை. இன்னைக்கு நம்ம கை. ரெண்டு கை, பத்து விரல்.

ஸ்பிட்டி போய் வந்ததைச் சொன்ன பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கீங்க. "டாக்டர், குளிருக்கு எந்தக் கிளவுஸ் வாங்கலாம்?" நியாயமான கேள்விதான். போறதுக்கு முன்னாடி நானும் அதையேதான் நாலு பேர்கிட்ட கேட்டேன். சொன்னாங்க, வாங்கினேன். நல்ல கிளவுஸ், விலையும் ஜாஸ்தி. அப்படியும் என் வலது கையோட ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூணு வாரம் ஒழுங்கா வேலை செய்யலை. அதனால இப்போ யாராவது கேட்டா, கிளவுஸை மூணாவது இடத்துலதான் வைக்கிறேன். முதல் ரெண்டு இடம் எதுக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி, நடந்ததைச் சொல்லிடறேன்.

கிப்பரில் ஒரு மதியம்

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு வரி. நான் கோயம்புத்தூர்ல பல் மருத்துவர். விரல் நுனியை நம்பிப் பிழைக்கிறவன். வேர் சிகிச்சை பண்றப்போ, பல்லோட வேர்க்குழாய்க்குள்ள ஊசி மாதிரி ஒரு ஃபைல் போகும். அது எங்கே தட்டுது, எங்கே சிக்குதுன்னு கண்ணால பார்க்க முடியாது. விரல் நுனிதான் சொல்லணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிப்ரவரி மாசம். அஞ்சு பேர் பனிச்சிறுத்தை பார்க்கப் போனோம். குளிர்காலத்துல மணாலி வழியா ஸ்பிட்டிக்குப் போக முடியாது, குன்சும் கணவாய் பனியில மூடியிருக்கும். அதனால சிம்லா, ரெக்காங் பியோ, தாபோ, காசான்னு சுத்தித்தான் போகணும். காசாவிலிருந்து மேல ஏறினா கிப்பர். சுமார் 4,200 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி 2,240 மீட்டர்னு நினைச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கிப்பருக்கும் அடுத்த ஊரான சிச்சத்துக்கும் நடுவுல தலை சுத்துற ஆழத்துல ஒரு பள்ளம். 2017ல் அங்கே பாலம் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி ஜனங்க கம்பியில தொங்குற கூடையில உட்கார்ந்துதான் அந்தப் பக்கம் போவாங்களாம். அந்த மாதிரிப் பள்ளங்களோட பாறைத் திட்டுகள்லதான் பனிச்சிறுத்தை படுத்திருக்கும்.

மூணாவது நாள், காலை பதினொரு மணிக்கு எங்க வழிகாட்டி கண்டுபிடிச்சுட்டார். உள்ளூர்ப் பையன், என் வயசுல பாதி இருப்பார். எதிர்ச் சரிவுல, பாறையோட பாறையா, ஒரு சிறுத்தை சுருண்டு தூங்கிட்டிருக்கு. வாலை மூக்கு மேல போட்டுக்கிட்டு. அதுக்குக் குளிரைச் சமாளிக்கத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை.

அது தூங்குது, நாங்க காத்திருக்கோம். மதியம் ரெண்டரைக்கு மேல வெயில் மலைக்குப் பின்னால போயிடுச்சு. காத்து கிளம்புச்சு. எங்ககிட்ட இருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 10 காட்டுச்சு. என் கையில இருந்தது பனிச்சறுக்கு ஆடுறவங்க போடுற தடி கிளவுஸ். அதைப் போட்டுக்கிட்டு ஷட்டர் பட்டன் எங்கே இருக்குன்னே தெரியலை. எழுந்திரிக்கிற நேரத்துல தவற விட்டுடக் கூடாதேன்னு வலது கிளவுஸைக் கழட்டி முட்டிக்குக் கீழே வச்சேன். மெனுவுக்குள்ள போய் ஏதோ மாத்தினேன். டெலிகன்வெர்ட்டரைக் கழட்டி மாட்டினேன். எல்லாம் உலோகம், எல்லாம் வெறுங்கையால.

முதல் பத்து நிமிஷம் நல்ல வலி. அப்புறம் வலி நின்னு போச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? "அப்பாடா, கை பழகிடுச்சு."

உடற்கூறியல் படிச்சுப் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கினவன் நினைச்சது இது. கை பழகலை. உணர்ச்சி போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல கேமரா தானா படபடன்னு எடுக்க ஆரம்பிச்சுது. பார்த்தா, என் விரல் பட்டனை அழுத்திக்கிட்டே இருந்திருக்கு, எனக்குத் தெரியலை. தூங்குற மிருகத்தை நாப்பது படம்.

சத்தம் கேட்டு வழிகாட்டி திரும்பினார். என் விரலைப் பார்த்தார். ரெண்டு விரல் நுனியும் மெழுகுவத்தி மாதிரி வெள்ளையா இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசலை. என் கையைப் பிடிச்சுத் தன் ஜாக்கெட்டுக்குள்ள இழுத்து அக்குள்ல வச்சுக்கிட்டார். அப்புறம், "பஸ், பாய் சாப். சலோ"ன்னார். போதும், கிளம்பலாம்னு அர்த்தம். அஞ்சே நிமிஷம்னு கெஞ்சினேன். அவர் வாக்குவாதம் பண்ணலை. இன்னொரு கையால என் டிரைபாடை மடக்க ஆரம்பிச்சுட்டார்.

தங்கியிருந்த வீட்டுக்கு நாப்பது நிமிஷ நடை. நாங்க வந்த கொஞ்ச நேரத்துல சிறுத்தை எழுந்து, சோம்பல் முறிச்சு, மலை முகட்டோட நடந்து போயிருக்கு. மத்த நாலு பேரும் எடுத்தாங்க. அதுல ஒருத்தர் எடுத்த படம் இப்போ என் கிளினிக் சுவர்ல தொங்குது. "டாக்டர், நீங்க எடுத்ததா?"ன்னு யாராவது கேட்டா, "இல்லைங்க, நான் அப்போ வெந்நீர்ல கையை விட்டுக்கிட்டிருந்தேன்"னு சொல்வேன்.

அந்த வெந்நீர்ல விரலுக்கு உயிர் வந்தப்போ வந்த வலியை நான் மறக்க மாட்டேன். ஒரு வாரத்துல தோல் உரிஞ்சுது. கோயம்புத்தூர் திரும்பின பிறகும் நுனியில மரமரப்பு. ஃபைலைப் பிடிச்சா எதுவும் தெரியலை. மூணு வாரம் வேர் சிகிச்சைக்கு வந்தவங்களை எல்லாம் நண்பர் ஒருத்தர்கிட்ட அனுப்பினேன். அந்த மூணு வாரமும் தினம் ராத்திரி ஒரே யோசனை. இது திரும்பலைன்னா என்ன பண்றது? திரும்பிடுச்சு. ஆனா இன்னைக்கும் ஏசி அறையில முதல்ல சில்லிடுறது அந்த ரெண்டு விரல்தான்.

கை ஏன் முதலில் விறைக்கிறது?

உடம்புக்குக் குளிரெடுத்தா அது ஒரு முடிவு எடுக்கும். இதயம், நுரையீரல், மூளை, இதுங்களைக் காப்பாத்தணும். அதுக்காகக் கை, கால், காது, மூக்குக்குப் போற ரத்தக் குழாய்களைச் சுருக்கும். வெளியே போற ரத்தம் குறைஞ்சா உள்ளே இருக்கிற சூடு மிஞ்சும். தண்ணிப் பஞ்சத்துல கடைமடை வயலுக்கு வாய்க்காலை அடைக்கிற மாதிரி. நம்ம விரல்தான் கடைமடை.

இன்னொன்னு. விரலுக்குள்ள தசை கிடையாது. விரலை மடக்கி நீட்டுற பெரிய தசைகள் முன்கையில இருக்கு, அங்கேயிருந்து தசை நாண்கள் மூலமா இழுக்குது. சூட்டை உற்பத்தி பண்றது தசை. அதனால விரலுக்குச் சொந்தமா அடுப்பு இல்லை. ரத்தம் கொண்டு வந்து கொடுக்கிற சூடுதான்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். கிளவுஸ் சூடு கொடுக்காது. இருக்கிற சூட்டைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். ரத்தமே வராத விரலுக்கு எத்தனை கிளவுஸ் போட்டாலும், ஆறிப்போன சோத்தை ஹாட்பாக்ஸ்ல வச்ச கதைதான்.

சிலர் சொல்வாங்க, "எனக்குக் கொஞ்ச நேரம் விறைச்சுது, அப்புறம் தானா சூடாயிடுச்சு"ன்னு. பொய் இல்லை. ஐஸ் தண்ணியில விரலை வச்சா, சில நிமிஷத்துல சுருங்கின குழாய் தானா கொஞ்சம் திறக்கும், மறுபடி சுருங்கும், மறுபடி திறக்கும். இதை 1930ல் தாமஸ் லூயிஸ்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர் பதிவு பண்ணினார். ஆனா உடம்போட நடுப்பகுதியே குளிர்ந்திருந்தா இந்த உதவி சரியா கிடைக்காது. அன்னைக்கு நான் மூணு மணி நேரத்துக்கு மேல பாறையில அசையாம உட்கார்ந்திருந்தேன். காலையில சாப்பிட்டது ரெண்டு ரொட்டி. உடம்பு எப்பவோ வாய்க்காலை அடைச்சிருக்கும்.

முதல் இடம்: உடம்பு

அதனால பட்டியல்ல முதல் இடம் உடம்புக்கு. கை குளிருதுன்னா முதல்ல தலையையும் கழுத்தையும் மூடுங்க. நம்ம ஊர்ல மார்கழியில தாத்தாக்கள் போடுற மங்கி குல்லா இருக்கே, அதைக் கிண்டல் பண்ணாதீங்க, அருமையான சாமான். அதோட ஒரு மப்ளர்.

அடுத்து, முன்கை. இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. விரலுக்குப் போற ரத்தம் மணிக்கட்டு வழியாத்தான் போகணும். மணிக்கட்டுல தோலுக்கு ரொம்பப் பக்கத்துலயே ஓடுது, நாடி பிடிச்சுப் பார்க்கிறோமே, அந்த இடம். ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருந்தா, போற ரத்தம் அங்கேயே குளிர்ந்துடும். பழைய கம்பளி சாக்ஸோட நுனியை வெட்டிட்டு மணிக்கட்டுல மாட்டிக்கோங்க. காசு செலவில்லை.

சாப்பிடுங்க. சூடு உண்டாக எரிபொருள் வேணும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி, எது வேணும்னாலும் ஜேப்புல இருக்கட்டும், மணிக்கொரு தரம் வாயில போடுங்க. பிளாஸ்க்ல வெந்நீர். குளிருக்கு ஒரு பெக் நல்லதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. மது தோலோட ரத்தக் குழாய்களை விரிக்கும், சூடா இருக்கிற மாதிரி தோணும், ஆனா உள்ளே இருக்கிற சூடுதான் வெளியே போகுது. சிகரெட்டும் ஆகாது, நிகோட்டின் குழாய்களைச் சுருக்கும்.

அசைஞ்சுகிட்டே இருங்க. நின்ன இடத்துல இருபது தடவை உட்கார்ந்து எழுந்தாலே போதும். அப்புறம் கையைத் தோளிலிருந்து முழுசா ராட்டினம் மாதிரி வேகமாச் சுத்துங்க. ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பக்கத்துல இருக்கிறவர் மூக்குல படாம பார்த்துக்கோங்க.

இரண்டாம் இடம்: கேமராவை முன்கூட்டியே தயார் செய்வது

நான் கிளவுஸை ஏன் கழட்டினேன்? குளிர் தெரியாம இல்லை. கழட்டாம வேலை செய்ய முடியாத மாதிரி கேமராவை வச்சிருந்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பிச்சுது.

இப்போ நான் என்ன பண்றேன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி அறைக்குள்ளேயே எல்லாத்தையும் முடிச்சுடறேன். எந்த லென்ஸ், டெலிகன்வெர்ட்டர் வேணுமா வேண்டாமா, எல்லாம் உள்ளேயே முடிவாகணும். ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் நான் வச்சுட்டு, ஐஎஸ்ஓவைத் தானியங்கியா விட்டுடறேன். பனியில கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும், அதனால எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டியே வச்சுடறேன். மெனுவுக்குள்ள போகவே தேவையில்லாத மாதிரி, அவசரத்துக்கு வேண்டியதை வெளியே இருக்கிற பட்டன்கள்ல போட்டுடறேன். மெமரி கார்டு புதுசு. பேட்டரி முழுசு. மாத்து பேட்டரி ரெண்டும் சட்டையோட உள் ஜேப்புல, உடம்போட ஒட்டி. குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துடும், உடம்புச் சூட்டுல வச்சிருந்தா தாக்குப் பிடிக்கும்.

உலோகத்தைத் தொடாதீங்க. அலுமினிய டிரைபாட் காலைப் பிடிச்சா, கையில இருக்கிற சூட்டை உறிஞ்சிடும். கார்பன் ஃபைபர் பரவாயில்லை. வாங்க முடியலைன்னா, ஏசியோட செம்புக் குழாய்க்கு மாட்டுவாங்களே கருப்பு ஃபோம் குழாய், அதை வாங்கி நீளமாக் கிழிச்சு டிரைபாட் காலுக்கு மாட்டி டேப் சுத்துங்க. கை வைக்கிற இடத்துக்கு அது போதும். கேமராவோட உலோகப் பாகங்கள்ல துணி டேப் ஒட்டலாம்.

உலோகத்தை நான் பெரிசு பண்றேன்னு நினைக்காதீங்க. 1910ல் கிளம்பின ஸ்காட்டோட அண்டார்டிகா பயணத்துல ஹெர்பர்ட் பாண்டிங்னு ஒரு படப்பிடிப்பாளர் இருந்தார். ஃபோகஸ் பண்ணிக்கிட்டே உதட்டை ஈரப்படுத்தினப்போ அவர் நாக்கு கேமராவோட உலோகத்துல பட்டு, அந்த நொடியே ஒட்டிக்கிச்சு. வெடுக்குன்னு இழுத்ததுல நாக்கு நுனித் தோல் போச்சு. இதை அவரே எழுதி வச்சிருக்கார். நாம போற இடங்கள்ல அவ்வளவு குளிர் இருக்காது. ஆனா ஈரமும் உலோகமும் சேர்ந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கலாம்.

மூன்றாம் இடம்: கையுறை

இப்போ கிளவுஸுக்கு வருவோம். ஒரே தடி கிளவுஸ் வேண்டாம். ரெண்டு அடுக்கு. உள்ளே தோலோட ஒட்டின மெல்லிசு கிளவுஸ், மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ. இது எப்பவும் கையில இருக்கணும், இதோடவே ஷட்டரை அழுத்த முடியணும். அதுக்கு மேல மிட்டன். அதாவது விரல் விரலாப் பிரியாத பை மாதிரியான கையுறை. நாலு விரலும் ஒண்ணா இருந்தா ஒண்ணுக்கொண்ணு சூடு கொடுத்துக்கும். நுனியை மடக்கித் திறக்கிற மாதிரி மிட்டன் கிடைக்குது, படமெடுக்கிறவங்களுக்கு அதுதான் வசதி. எடுக்கிற நேரம் மட்டும் திறக்கணும். எடுத்து முடிச்சதும் மூடணும். இந்த ரெண்டாவது வாக்கியத்தைத்தான் நாம மறந்துடறோம்.

பருத்தி வேண்டாம். வியர்வையில நனைஞ்சா பருத்தி சீக்கிரம் காயாது, ஈரம் சூட்டை இழுத்துக்கிட்டே போகும். அதனால ஏறி நடக்கிறப்போ மிட்டனைக் கழட்டி மெல்லிசு கிளவுஸோட நடங்க, இடத்துக்குப் போன பிறகு மிட்டன் போடுங்க. மெல்லிசு கிளவுஸ் இன்னொரு ஜோடி உள் ஜேப்புல காய்ஞ்சதா இருக்கட்டும்.

இறுக்கமான அளவு வாங்காதீங்க. உள்ளே இருக்கிற காத்துதான் காப்பு. இறுக்கினா காத்தும் இல்லை, ரத்த ஓட்டமும் தடைபடும். வெளி அடுக்கு காத்து புகாததா இருக்கணும். மைனஸ் 10 டிகிரியில மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா, மூடாத தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. தெர்மாமீட்டரை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம், நான் ஏமாந்தேன்.

அப்புறம், கயிறு. சின்னக் குழந்தைங்க கையுறையில ஒரு கயிறு கட்டி மணிக்கட்டுல மாட்டி விடுவாங்களே, அதைப் பண்ணுங்க. கழட்டின மிட்டன் தொங்கும், பனியில விழாது, காத்துல பறக்காது. நான் முட்டிக்குக் கீழே வச்சேன்னு சொன்னேனே, திரும்ப எடுத்துப் போட்டப்போ அதுக்குள்ள பொடிப்பனி. ஈரக் கிளவுஸும் வெறுங்கையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சூட்டுப் பைகள்

ஹேண்ட் வார்மர் பத்தியும் கேட்டிருந்தீங்க. சின்னப் பை மாதிரி, பிரிச்சா சூடாகுறது. உள்ளே இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துரு உண்டாகுறப்போ சூடு வரும். சூடேற நேரம் ஆகும், அதனால கை விறைச்ச பிறகு பிரிக்காதீங்க, கிளம்புறப்போவே பிரிங்க. இன்னொரு விஷயம், 4,200 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமார் 60 சதவீதம்தான். ஆக்ஸிஜனும் அதே கணக்குல குறையும். அதனால கிப்பர்ல அது கோயம்புத்தூர்ல சூடாகிற மாதிரி சூடாகாது. பை கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. இறுக்கமான மிட்டனுக்குள்ள அடைச்சாலும் காத்து கிடைக்காம அணைஞ்சுடும், அப்பப்போ வெளியே எடுத்துக் குலுக்குங்க. பாதியில நிறுத்தணும்னா காத்து புகாத ஜிப் கவர்ல போட்டு மூடிட்டா போதும், மிச்சம் அடுத்த தடவைக்கு.

எங்கே வைக்கணும்? உள்ளங்கையில வச்சா கேமராவைப் பிடிக்க முடியாது. மெல்லிசு கிளவுஸுக்கு மேல, மணிக்கட்டோட உள்பக்கம் இல்லைன்னா புறங்கையில. தோல்ல நேரா வைக்காதீங்க. விறைச்ச தோலுக்குச் சுடுறது தெரியாது, கொப்பளம் வந்துடும். சர்க்கரை நோயால கை மரத்தவங்க ரொம்ப ஜாக்கிரதை.

சார்ஜ் போடுற வார்மரும் நல்லதுதான். அதுலயும் லித்தியம் பேட்டரிதான் இருக்கு. விமானத்துல போறப்போ பவர் பேங்க் மாதிரி கைப்பையிலதான் வைக்கணும், செக்-இன் பெட்டியில போட்டுடாதீங்க.

விறைத்துவிட்டால்?

ஒரு சோதனை சொல்றேன். கட்டை விரலால அதே கையோட சுண்டு விரல் நுனியைத் தொடுங்க. தொட முடியலை, இல்லை தடுமாறுதுன்னா, ஏற்கெனவே தாமதம். கேமராவை விட்டுட்டுக் கையை உள்ளே விடுங்க. அக்குள், வயிறு, எங்கே சூடோ அங்கே.

வலி இருக்கிற வரைக்கும் விரல் உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கு. வலி நின்னு, மரத்து, வெளுத்துப் போச்சுன்னா அது பனிக்கடியோட ஆரம்பமா இருக்கலாம். அப்போ பண்ணக் கூடாததை முதல்ல சொல்றேன். தேய்க்காதீங்க. பனியை வச்சுத் தேய்ங்கன்னு சில ஊர்ல சொல்வாங்க, அது ரொம்பத் தப்பு. அடுப்பு, ஹீட்டர் பக்கத்துல நேராக் காட்டாதீங்க. மோதிரம் இருந்தா கழட்டிடுங்க, வீக்கம் வந்த பிறகு கழட்ட முடியாது.

அக்குள் சூட்டுல சீக்கிரம் நிறமும் உணர்ச்சியும் திரும்பிட்டா நல்லது, ஆனா அன்னைக்கு வேலை அதோட முடிஞ்சுது. திரும்பலைன்னா, கட்டியா இருந்தா, 37 முதல் 39 டிகிரி வெந்நீர்ல மூழ்க வைக்கணும். குழந்தைக்குக் குளிப்பாட்டுற சூடு. விறைச்ச கையால சூடு பார்க்காதீங்க, இன்னொருத்தரோட முழங்கையால பார்க்கச் சொல்லுங்க. தண்ணி ஆறாம பார்த்துக்கணும். மறுபடி உறையுற வாய்ப்பு இருந்தா மட்டும், வழியில உருக்காதீங்க. உருகி மறுபடி உறைஞ்சா சேதம் ரொம்ப அதிகம். கொப்பளத்தை உடைக்காதீங்க. மோசமான பனிக்கடிக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து உண்டு, அது முதல் 24 மணி நேரத்துக்குள்ளதான். அதனால நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சாதாரணக் குளிருக்கே விரல் வெள்ளையாகி, நீலமாகி, அப்புறம் சிவக்கிறவங்க இருக்காங்க. அதுக்கு ரேனோன்னு பேர், 1862ல் அதை எழுதின பிரெஞ்சு மருத்துவரோட பேர். அப்படி இருந்தா பயணத்துக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

ஊட்டியில் ஒத்திகை

இதுக்கெல்லாம் ஸ்பிட்டியில போய்ப் பழகக் கூடாது. டிசம்பர், ஜனவரியில ஊட்டி தலைகுந்தா பக்கம் விடியக்காலம் உறைபனி விழும், புல்லெல்லாம் வெள்ளையாயிடும். சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அங்கே அஞ்சரை மணிக்குப் போய் மிட்டனோட ஒரு மணி நேரம் எடுத்துப் பாருங்க. எந்தப் பட்டன் எட்டலை, எப்போ கிளவுஸைக் கழட்டத் தோணுதுன்னு குறிச்சுக்கோங்க. விறைச்சா கார் பக்கத்துலயே இருக்கு, டீக்கடையும் இருக்கு. அதுக்கும் முன்னாடி, வீட்டுல டிவி பார்த்துக்கிட்டே கிளவுஸோட பேட்டரி மாத்திப் பழகுங்க. பசங்க சிரிப்பாங்க, பரவாயில்லை.

அடுத்த வருஷம் நான் மறுபடி கிப்பர் போனேன். அதே வழிகாட்டி. போனதும் முதல்ல என் கையைத்தான் வாங்கிப் பார்த்தார். இந்தத் தடவை இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் போன்ல அலாரம். அடிச்சா எழுந்து நிக்கணும், கையைச் சுத்தணும், ஏதாவது சாப்பிடணும், விரலைச் சோதிக்கணும். ஒரு நாள் காத்து தாங்கலை, வலி இருக்கும்போதே நானாவே டிரைபாடை மடக்கினேன். அன்னைக்கு ஒரு படமும் இல்லை. வழிகாட்டி ஒண்ணும் சொல்லலை, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊத்திக் கொடுத்தார்.

கடைசி நாள் ஒரு பெண் சிறுத்தை முகட்டுல பதினோரு நிமிஷம் நடந்துச்சு. மிட்டன் நுனியை மடக்கி எடுத்தேன், மூடினேன், மறுபடி எடுத்தேன். ரொம்ப தூரம், படம் சுமார்தான். ஊருக்கு வந்து திங்கட்கிழமை காலையில முதல் ஆளே வேர் சிகிச்சை. ஃபைல் தட்டின இடம் விரல்ல தெரிஞ்சுது.

அடுத்த அத்தியாயத்துல, குளிர்லேருந்து சூடான அறைக்குள்ள வர்றப்போ லென்ஸுல வேர்க்கிறதே, அதைப் பத்திப் பேசுவோம். நீங்க குளிர்ல பட்ட கஷ்டம், கண்டுபிடிச்ச வழி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன். கையைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க.